மார்கான்ஷியாவோடு ஒப்பிட வேண்டியது பைன் மரத்தையா, பைன் விதையின் உட்பகுதியையா?

கேள்வி இப்படி வந்திருக்கிறது: ஒரு பக்கம் ஸ்காட்ஸ் பைன், அதாவது பைனஸ் சில்வெஸ்ட்ரிஸ். இன்னொரு பக்கம் மார்கான்ஷியா பாலிமார்ஃபா என்கிற ஈரல் தாவரம். இரண்டுமே பூக்காது, காய்க்காது, இரண்டிலும் ஆர்க்கிகோனியம், அதாவது முட்டையைத் தாங்கும் பெண் உறுப்பு, உண்டு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் ஒன்று 30 மீட்டர் மரம், இன்னொன்று மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் பச்சைத் தகடு. இவற்றை எந்த அடிப்படையில் ஒப்பிடுவது, எது மேம்பட்டது என்று எப்படிச் சொல்வது? மேலோட்டமாகப் பார்த்தால் வேறுபாடுகளைப் பட்டியல் போட்டுக் கேட்பது போலத்தான் இருக்கிறது. உண்மையில் கேட்டிருப்பது வேறு: இதில் உள்ள எந்தப் பாகம் அதில் உள்ள எந்தப் பாகத்துக்கு இணை? அது பிடிபடாததால்தான் பட்டியலும் பாதியில் நிற்கிறது.

கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்புகளைப் பல வருடங்கள் நடத்திய பழக்கத்தில் சொல்கிறேன், கிட்டத்தட்ட எல்லா மாணவர்களும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். இடது பக்கம் மார்கான்ஷியா, வலது பக்கம் பைன், நடுவில் ஒரு கோடு. வேர் இல்லை, வேர் உண்டு. தண்டு இல்லை, தண்டு உண்டு. சைலம் (நீர் கடத்தும் திசு) இல்லை, சைலம் உண்டு. எழுதியதில் ஒன்றும் தப்பில்லை, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்த அட்டவணை ஒரு தாவரத்தின் ஒரு தலைமுறையை எடுத்து இன்னொரு தாவரத்தின் மற்றொரு தலைமுறையோடு பக்கத்தில் நிறுத்துகிறது. அப்படி நிறுத்திவிட்டு ஒன்றில் இருப்பது மற்றதில் ஏன் இல்லை என்று கேட்டால் பதில் வராது.

நிலத்தாவரம் எதுவானாலும் அதற்கு இரண்டு உடல்கள். ஒன்று கேமீட்டோஃபைட்: ஒற்றைமடியம் (குரோமோசோம் ஒரே தொகுதி), முட்டையையும் விந்துசெல்லையும் உண்டாக்கும். மற்றது ஸ்போரோஃபைட்: அந்த முட்டை கருவுற்று வளர்வது, இரட்டைமடியம் (இரண்டு தொகுதி), குன்றல் பகுப்பு, அதாவது குரோமோசோம் பாதியாகும் செல்பிரிவு, நடந்து ஸ்போர்கள் என்ற ஒற்றைச் செல் வித்துகளைத் தரும். ஸ்போர் முளைத்தால் திரும்பவும் கேமீட்டோஃபைட். இந்தச் சுற்று மாஸ் எனப்படும் பாசத்துக்கும் பெரணிக்கும் பைனுக்கும் ஆலமரத்துக்கும் பொது. எந்த உடல் பெரிதாகக் கண்ணில் படுகிறது என்பதில்தான் மாற்றம். மார்கான்ஷியாவில் நாம் பார்க்கும் பச்சைத் தகடு, அந்தத் தாலஸ், கேமீட்டோஃபைட். அதன் செல் ஒவ்வொன்றிலும் 9 குரோமோசோம். பைனில் நாம் பார்க்கும் மரம் ஸ்போரோஃபைட், அதில் 24. ஆக, மரத்துக்கு இணை தாலஸ் கிடையாது. மார்கான்ஷியாவின் பெண் செடியில் குடை போல எழும் அமைப்புக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும், சில மில்லிமீட்டரே உள்ள ஸ்போர் உறைதான் பைன் மரத்துக்கு நேர் இணை. அதேபோல் தாலஸுக்கு இணையைத் தேடி நீங்கள் போக வேண்டிய இடம் பைனின் சூலுக்குள்ளே, பிறகு விதைக்குள்ளே.

இதை நம்ப வேண்டாம், பார்த்துவிடலாம். ஒரு பைன் விதையை இரவு முழுக்க ஊறவைத்து, ஓட்டை நீக்கி, பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் மெல்லிய குச்சி போல ஒன்று, ஒரு முனையில் சில விதையிலைகள் கொத்தாக. அது கரு, அடுத்த தலைமுறை மரம், 24 குரோமோசோம். அதைச் சுற்றிலும் வெள்ளையாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கிறதே, விதையின் பெரும்பகுதியே அதுதான். அதுதான் பெண் கேமீட்டோஃபைட், 12 குரோமோசோம், ஒற்றைமடியம். மார்கான்ஷியாவின் பெண் தாலஸுக்கு நேர் உறவு அந்த வெள்ளைச் சதை. பச்சையம் இல்லை, வேர் போன்ற இழைகளான வேரிகள் இல்லை, வெளிச்சத்தையே பார்த்ததில்லை, ஆனாலும் பதவி ஒன்றுதான். வெளியே ஓடாகக் கழற்றிப் போட்டது தாய் மரத்தின் திசு. ஒரு சின்ன விதைக்குள் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கிறது என்று வகுப்பில் சொல்லும்போது கடைசி பெஞ்சு கூட எழுந்து பார்க்கும்.

இது வெறும் பாடக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். லாப்லாலி பைனின் மரபணுத் தொகுதியை 2014-இல் வெளியிட்டபோது, வரிசைப்படுத்திய டி.என்.ஏ.வில் பெரும்பகுதி ஒரே ஒரு விதையின் இந்த வெள்ளைத் திசுவிலிருந்து எடுத்தது. ஒற்றைமடியம் என்பதால் அப்பா பிரதி, அம்மா பிரதி என்ற குழப்பம் அதில் இல்லை. அதற்கு முன்பே வன மரபியலாளர்கள் மரத்தின் மரபுக்கூறுகளைப் பிரித்துப் படிக்க இதே திசுவைப் பல காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள்.

இந்த இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று முதலில் காட்டியவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர், 1851-இல். அவருக்கு அப்போது 27 வயது, பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, லைப்சிக் நகரில் குடும்பத்தின் புத்தக, இசைநூல் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் மைக்ராஸ்கோப். ஈரல் தாவரம், பாசம், பெரணி, ஊசியிலை மரம் எல்லாவற்றிலும் சூலையும் ஆர்க்கிகோனியத்தையும் வெட்டி வெட்டிப் பார்த்து, எல்லாம் ஒரே சுற்றின் வேறு வேறு வடிவங்கள் என்று எழுதினார். தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் குரோமோசோம் எண்ணிக்கையை வைத்து ஒற்றைமடியம், இரட்டைமடியம் என்று விளக்கியது 1894-இல். குரோமோசோம் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில் ஹோஃப்மைஸ்டர் இதைப் பிடித்தார் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

சரி, இணை கிடைத்துவிட்டது. இனி ஒப்பிடலாம்.

முதலில் ஆர்க்கிகோனியம். மார்கான்ஷியாவில் அது தாலஸிலிருந்து எழும் குடை போன்ற அமைப்பில், 9 விரல்கள் போல விரிந்த கதிர்களுக்கு இடையில் தலைகீழாக இருக்கும். குடுவை வடிவம், நீண்ட கழுத்து, கழுத்துக்குள் கால்வாய் செல்கள், அடியில் முட்டை. முதிர்ந்ததும் கால்வாய் செல்கள் கரைந்து வழி திறக்கும். பைனில் விதைக்குள் இருக்கும் அந்தப் பெண் கேமீட்டோஃபைட்டின் ஒரு முனையில், ஒன்றோ சிலவோ ஆர்க்கிகோனியங்கள் புதைந்திருக்கும். கழுத்து என்று பெயருக்குச் சில செல்கள் மட்டும், கால்வாய் செல்கள் கிடையா. விந்துசெல் நீந்தி வரப்போவதில்லை என்னும்போது கால்வாய் எதற்கு? முட்டை மட்டும் பிரம்மாண்டமாக இருக்கும். நல்ல ஸ்லைடு கிடைத்தால் கைலென்ஸிலேயே தென்படும். உங்கள் புத்தகம் "இரண்டிலும் ஆர்க்கிகோனியம் உண்டு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. உண்மையில் மிக ஆழமான ஒற்றுமை இதுதான். பூக்கும் தாவரங்கள் இதையும் தொலைத்துவிட்டன, அவற்றில் ஆர்க்கிகோனியமே கிடையாது.

ஆண் பக்கம் வித்தியாசம் பெரிது. மார்கான்ஷியாவின் ஆண் செடி தனி, பெண் செடி தனி. தாலஸ் ஒற்றைமடியமாக இருப்பதால் மனிதர்களைப் போல இணைக் குரோமோசோம் கணக்கு இங்கே செல்லாது. பெண் செடிக்கு யூ குரோமோசோம் ஒன்று, ஆண் செடிக்கு வி குரோமோசோம் ஒன்று, அவ்வளவுதான். ஆண் குடையின் தட்டு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், முதிர்ந்த ஆந்தரீடியங்கள் (விந்துசெல் உண்டாகும் பைகள்) இருந்தால், கொஞ்ச நேரத்தில் சொட்டு பால் கலந்தது போல மங்கும். அதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இரண்டு கசையிழையோடு துடித்து நீந்தும் விந்துசெல்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். இவற்றுக்குத் தண்ணீர்ப் படலமோ மழைத்துளித் தெறிப்போ இல்லாமல் வேலை நடக்காது. பைனில் முழு ஆண் கேமீட்டோஃபைட்டும் ஒரு மகரந்தத் துகளுக்குள் அடங்கிவிடுகிறது. உதிரும் நேரத்தில் மொத்தம் 4 செல்கள், அதிலும் இரண்டு ஏற்கெனவே நசிந்துபோனவை. இரண்டு பக்கமும் காற்றுப்பை. விந்துசெல்லுக்குக் கசையிழை கிடையாது. மகரந்தக் குழாய்தான் அதை முட்டை வரை கொண்டுபோய் விடும்.

ஆனால் "விதைத்தாவரம் வந்ததும் நீச்சல் நின்றுவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள், அது தப்பு. 1896-இல் ஜப்பானில் ஹிராசே என்பவர் ஜின்கோ மரத்திலும், அதே ஆண்டு இகேனோ என்பவர் சைகஸிலும் நீந்தும் விந்துசெல்களைக் கண்டுபிடித்தார்கள்; இரண்டுமே விதைத்தாவரங்கள். விதை வந்தது ஒரு மாற்றம், நீச்சலைக் கைவிட்டது வேறொரு மாற்றம். பைன் இரண்டையும் செய்திருக்கிறது, சைகஸ் ஒன்றை மட்டும்.

பைனின் கால அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்களுக்கு மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றாகக் குழம்பும் இடம் இது. ஸ்காட்ஸ் பைனில் வசந்த காலத்தின் கடைசியில் மகரந்தம் பறக்கிறது, இளங்கூம்பின் சூல்முனையில் இருக்கும் திரவத் துளியில் ஒட்டி உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் உள்ளே முட்டையே கிடையாது. பெண் கேமீட்டோஃபைட்டும் கிடையாது. குன்றல் பகுப்பே அதற்கப்புறம்தான். மகரந்தக் குழாய் கொஞ்சம் வளர்ந்து நின்றுவிடும், குளிர்காலம் போகும், அடுத்த வருடம் பெண் கேமீட்டோஃபைட் செல்களாகப் பிரிந்து, ஆர்க்கிகோனியம் உண்டாகி, அப்போதுதான் கருவுறுதல். இடைவெளி ஏறத்தாழ ஒரு வருடம். விதை அந்த இலையுதிர் காலத்தில் முதிர்ந்து, பெரும்பாலும் அதற்கடுத்த வசந்தத்தில்தான் கூம்பிலிருந்து பறக்கும். மார்கான்ஷியாவில் காத்திருப்பது முட்டை, வர வேண்டியது தண்ணீர். பைனில் வந்து காத்திருப்பது மகரந்தம், உருவாக வேண்டியது முட்டை.

கருவுற்ற பிறகு இரண்டும் செய்யும் ஒரு காரியம் ஒன்றே: கருவைத் தாய்த் திசுவுக்குள் வைத்தே ஊட்டி வளர்ப்பது. மார்கான்ஷியாவின் ஸ்போரோஃபைட் ஒரு பாதத்தைத் தாயின் திசுவுக்குள் பதித்துக்கொண்டு உணவை உறிஞ்சும். பைன் கரு அந்த வெள்ளைச் சதையைத் தின்று வளரும். நிலத்தாவரங்கள் எல்லாவற்றையும் கருத்தாவரங்கள் என்று சேர்த்துச் சொல்வதே இதை வைத்துத்தான். அதற்கு மேல் பாதை பிரிகிறது. மார்கான்ஷியாவின் ஸ்போரோஃபைட் கடைசிவரை தாயைவிட்டுப் போவதில்லை. சின்னக் காம்பு, ஒரு உறை, உள்ளே லட்சக்கணக்கில் ஸ்போர்கள், நடுநடுவே சுருள் தடிப்புள்ள எலேட்டர்கள். உறை வெடித்ததும் மஞ்சள் பஞ்சு போல வெளியே தள்ளும். எலேட்டர்களை ஸ்லைடில் வைத்து மெல்ல மூச்சை விட்டால் ஈரம் பட்டு முறுக்கிக்கொள்ளும், காயக் காயத் திரும்ப நெளியும். அந்த நெளிச்சல்தான் ஸ்போர்களைக் கிளறிவிடுகிறது. அதோடு அந்தத் தலைமுறைக்கு வேலை முடிந்தது. பைனின் ஸ்போரோஃபைட்டோ தாயைத் தின்று முடித்து, வெளியே வந்து, சொந்த வேர் விட்டு, நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். வட ஐரோப்பாவின் லாப்லாந்துப் பகுதியில் 700 வயது தாண்டிய ஸ்காட்ஸ் பைன்கள் உண்டு.

இனி உடலமைப்பு. ஒரு முக்கியமான விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தண்ணீர். பைன் மரத்தின் சைலத்தில் இருப்பவை ட்ரக்கீடுகள், செத்த செல்கள், லிக்னின் என்ற கெட்டிப்பொருள் ஏறிய தடித்த சுவர். மேலிருந்து இலைகள் இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறையும், சுவர் உள்ளே நசுங்கிவிடக் கூடாது, அதற்குத்தான் அந்த லிக்னின். மார்கான்ஷியாவில் லிக்னின் ஏறிய சைலம் கிடையாது, இது உறுதி. ஆனால் "கடத்தும் அமைப்பே இல்லை" என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. தாலஸின் அடியில் இரண்டு வகை வேரிகள்: வழவழப்பான சுவர் உள்ளவை, சுவரிலிருந்து உட்புறமாக ஆணி போல நீட்டல்கள் உள்ளவை. முதல் வகை தாலஸை மண்ணில் பிடித்து நிறுத்தும். இரண்டாம் வகை கட்டுக்கட்டாக, அடிச்செதில்களுக்கு இடையில், தாலஸின் நீளத்துக்கு ஓடும். முதிர்ந்த நிலையில் அவையும் செத்த செல்கள், தண்ணீரைக் கடத்தும் குழாய்கள். காயும்போது நசுங்கிவிடும், ஈரம் வந்ததும் திரும்ப உப்பிக்கொள்ளும். பைன் நசுங்காமல் தாங்கும் வழியைப் பிடித்தது, மார்கான்ஷியா நசுங்கி எழும் வழியைப் பிடித்தது. இரண்டும் பொது மூதாதையிடமிருந்து வந்த ஒரே உறுப்பு இல்லை, தனித்தனியாக உண்டானவை; அதனால் ஒப்பிடும்போது அதைக் குறிப்பிடுங்கள்.

காற்றுத்துளைகளும் அப்படியே. மார்கான்ஷியாவின் மேற்பரப்பைக் கைலென்ஸில் பார்த்தால் அறுகோணக் கட்டங்களும், ஒவ்வொன்றின் நடுவில் ஒரு புள்ளியும் தெரியும். கட்டம் என்பது அடியில் இருக்கும் காற்றறை, புள்ளி அதன் துளை, பீப்பாய் வடிவம். இதை ஸ்டோமா (காவல் செல்களால் திறந்து மூடும் இலைத்துளை) என்று எழுதுவது தேர்வுத்தாளில் நான் அதிகம் சிவப்புக் கோடு போட்ட தப்பு. காவல் செல்கள் அதில் கிடையா. பைன் ஊசியிலையில் இருப்பவைதான் உண்மையான ஸ்டோமாக்கள், அவையும் மேற்பரப்பைவிடக் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கும். மார்கான்ஷியாவின் ஸ்போரோஃபைட்டிலும் ஸ்டோமா இல்லை. பாசங்கள் பலவற்றின் ஸ்போரோஃபைட்டில் உண்டு, ஈரல் தாவரங்களில் எதிலுமே கிடையாது.

வளர்ச்சி, பெருக்கம் பற்றிச் சுருக்கமாக. மார்கான்ஷியா ஒரு துண்டு கிடைத்தால் போதும், அதிலிருந்து முழுத் தாலஸ் வளர்ந்துவிடும். தாவரவியலாளர் ஃபோக்டிங் 1885-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார். போதாததற்கு ஜெம்மா கிண்ணங்கள். உள்ளே பச்சை வில்லைகள், இரண்டு பக்கமும் ஒரு பள்ளம், மழைத்துளி விழும் வேகத்தில் வெளியே தெறிக்கும். விழும்வரை அந்த வில்லைக்கு மேல் கீழ் என்று ஒன்றும் கிடையாது, விழுந்த பிறகு வெளிச்சமும் புவியீர்ப்பும் பார்த்து எந்தப் பக்கம் வேரி விடுவது என்று முடிவாகும். நாற்றங்கால்காரர்கள் தொட்டிகளில் இதை ஒழிக்க முடியாமல் திண்டாடுவது இதனால்தான். ஸ்காட்ஸ் பைன் நேர் எதிர். வெட்டினால் அடிமரத்திலிருந்து துளிர்க்காது, முதிர்ந்த கிளையை நட்டு வேர் பிடிக்க வைப்பதும் கடினம். நல்ல மரத்தைப் பெருக்க ஒட்டுக்கட்டுவார்கள், இல்லையென்றால் விதைதான்.

யாரும் அதிகம் கவனிக்காத ஒரு ஒற்றுமையை இங்கே சொல்லிவிடுகிறேன், எனக்கு இது பிடித்தமானது. பயறு விதையை முழு இருட்டில் முளைக்க வைத்தால் மஞ்சளாக வரும். பூக்கும் தாவரங்கள் பச்சையம் செய்யும்போது ஒரு கட்டத்தில் வெளிச்சம் வேண்டும். பைன் விதையை இருட்டில் முளைக்க வைத்தால் பச்சையாகவே வரும். மார்கான்ஷியாவும் இருட்டில் பச்சையம் செய்யும். அந்தக் கட்டத்தை வெளிச்சம் இல்லாமலே தாண்ட ஒரு நொதி இருக்கிறது, அதற்கான மூன்று மரபணுக்கள் பசுங்கணிகத்துக்குள் இருக்கின்றன. மார்கான்ஷியா, பைன் இரண்டும் அவற்றை வைத்துக்கொண்டிருக்கின்றன, பூக்கும் தாவரங்கள் இழந்துவிட்டன. பசுங்கணிகத்தின் முழு டி.என்.ஏ. வரிசையை உலகில் முதலில் படித்தது இரண்டு தாவரங்களில்: புகையிலை, மார்கான்ஷியா, இரண்டும் 1986-இல். மார்கான்ஷியாவுடையது சுமார் 1.21 லட்சம் காரங்கள், அதாவது டி.என்.ஏ. எழுத்துகள். பின்னர் படித்த ஜப்பானியக் கரும்பைனுடையதும் சுமார் 1.2 லட்சம்தான்.

உட்கருவின் கணக்கு நேர்மாறு. மார்கான்ஷியாவின் உட்கரு மரபணுத் தொகுதி 22, 23 கோடி காரங்கள், 2017-இல் வெளியானது, ஏறத்தாழ 19,000 மரபணுக்கள். பைன்களில் 2,000 கோடிக்கு மேல், சுமார் நூறு மடங்கு. ஆனால் மரபணுக்கள் நூறு மடங்கு இல்லை. பெருகியதெல்லாம் தன்னைத்தானே நகலெடுத்து ஒட்டிக்கொள்ளும் இடமாறும் துண்டுகள். மார்கான்ஷியாவில் முழுத் தொகுதியும் இரட்டித்த தடயம் இல்லை, பல முக்கிய மரபணுக்கள் ஒரே ஒரு பிரதியாக இருக்கின்றன. ஒன்றை முடக்கினால் அதன் வேலை என்ன என்று உடனே தெரிந்துவிடும், அதனால்தான் ஆய்வகங்களுக்கு இது செல்லப்பிள்ளை. மரபணுத்தொகுதி என் துறை கிடையாது, நான் வெட்டிப் பார்த்துக் கற்பிக்கும் ஆள். அதனால் இந்தப் பகுதியில் பொதுவாக ஏற்கப்பட்டதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் அந்த "எது மேம்பட்டது" கேள்வி. மார்கான்ஷியா பைனின் மூதாதை கிடையாது, இதில் சந்தேகமே வேண்டாம். இன்று உயிரோடிருக்கும் இரண்டும் ஒரு பொது மூதாதையிலிருந்து அதே அளவு காலம் பயணித்து வந்தவை. நிலத்தாவர ஸ்போர்கள் என்று கருதப்படும் புதைபடிவங்கள் சுமார் 47 கோடி ஆண்டுகள் பழையவை. பைனஸ் பேரினத்தின் மிகப் பழைய புதைபடிவங்கள் 13, 14 கோடி ஆண்டு அளவில். இது வரை கெட்டியான தரை.

இதற்கப்பால் தரை கொஞ்சம் ஆடும். பழைய புத்தகங்கள் ஈரல் தாவரங்களை எல்லா நிலத்தாவரங்களுக்கும் முதலில் பிரிந்த கிளையாக வரைந்தன. மரபணுத் தரவு பெருகிய பிறகு ஈரல் தாவரம், பாசம், கொம்புத் தாவரம் மூன்றும் சேர்ந்து ஒரே கிளை என்ற கருத்து இப்போது வலுவாக இருக்கிறது. அப்படியானால் ஈரல் தாவரங்களில் ஸ்டோமா இல்லாதது பழமையின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை, இருந்து பின்னால் இழந்ததாகவும் இருக்கலாம். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் அந்தப் பக்கம் சாய்கிறேன், ஆனால் முடிந்துபோன வழக்கு என்று எழுத மாட்டேன். அந்தப் பொது மூதாதையின் இரண்டு தலைமுறைகளும் எப்படி இருந்தன என்பதும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில், சுமார் 40.7 கோடி ஆண்டுப் பழைய படிவங்களில், நிமிர்ந்து நின்ற, கடத்தும் திசு கொண்ட கேமீட்டோஃபைட்டுகளே கிடைத்திருக்கின்றன. ஆரம்பகால நிலத்தாவரங்கள் சிலவற்றிலாவது இரண்டு தலைமுறைக்கும் இன்றைக்கு இருக்கும் அளவுக்கு ஏற்றத்தாழ்வு இல்லை என்று அது காட்டுகிறது. மார்கான்ஷியாவிலிருந்து மெல்ல மெல்ல ஏறிப் பைன் வந்தது என்ற படிக்கட்டுப் படத்தை வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு கிளை ஸ்போரோஃபைட்டை வளர்த்து கேமீட்டோஃபைட்டைச் சூலுக்குள் சுருக்கியது, இன்னொன்று கேமீட்டோஃபைட்டை வைத்துக் குடும்பம் நடத்தி ஸ்போரோஃபைட்டைச் சிறிதாக வைத்துக்கொண்டது. மேல் கீழ் என்று யாராவது கட்டாயம் எழுதச் சொன்னால், எந்தப் பண்பில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இவை இரண்டும் ஒரே இடத்தில் வளருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வளரும். ஸ்காட்ஸ் பைன் ஸ்காட்லாந்து, ஸ்பெயினில் தொடங்கி சைபீரியாவின் கிழக்கு வரை பரவியிருக்கிறது, பைன்களிலேயே மிகப் பரந்த இயற்கைப் பரவல் இதற்குத்தான். மார்கான்ஷியா பாலிமார்ஃபாவும் அந்தப் பரப்பு நெடுக உண்டு. காட்டுத்தீ போன தரையில் இரண்டையும் அடுத்தடுத்து பார்க்கலாம்: கரிந்த மண்ணில் மார்கான்ஷியா விரிப்பாகப் பரவும், அடிப்பட்டை தடித்த பெரிய பைன்கள் தரைத்தீயைத் தாங்கி நிற்கும், அவற்றின் விதைகள் மூடாக்கு எரிந்து வெளிப்பட்ட மண்ணில் நன்றாக முளைக்கும். ஆனால் பைன் நாற்று சீக்கிரமே வேரில் பூஞ்சைத் துணையைத் தேடிக்கொள்ளும், அது இல்லாமல் நன்றாக வளராது. மார்கான்ஷியா பாலிமார்ஃபாவுக்கு அப்படிப்பட்ட வேர்ப்பூஞ்சை உறவு கிடையாது. அதன் நெருங்கிய உறவான மார்கான்ஷியா பாலியேசியாவுக்கு உண்டு, ஆகவே இதுவும் இழந்த ஒன்று என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

பதில் எழுத உட்காரும்போது நான்கு கட்டம் போடுங்கள், இரண்டு போதாது: மார்கான்ஷியா கேமீட்டோஃபைட், பைன் கேமீட்டோஃபைட், அப்புறம் இரண்டின் ஸ்போரோஃபைட்டுகள். பைன் கேமீட்டோஃபைட் கட்டத்தில் ஆண், பெண் இரண்டையும் தனித்தனியாக வரையுங்கள், மகரந்தத்தைத் தனிச்செல் என்று எழுதாதீர்கள். செய்முறைக்கு விதை வாங்கும்போது வறுக்காத, ஓடு உடைக்காத விதையாகப் பாருங்கள். வறுத்ததில் கரு நொறுங்கிப்போய் எது குச்சி எது சதை என்று பிரிக்கவே வராது.